கணுக்கால் வரை ஏறிய துணி

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறும்போது கால் வாயைத் திறக்காது. இறங்கும்போதுதான் பேசும். பாறையிலேயே செதுக்கிய படிகள். மழையும் வெயிலும் தலைமுறை தலைமுறையாக மிதித்த பாதங்களும் அவற்றின் விளிம்புகளை மழுக்கி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதும் முன்பாதத்தில் வந்து விழும். விரல்கள் ஷூவின் மூக்கில் போய் இடிக்கும்.

அக்கா மகளோடு ஏறியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கிய புத்தம்புது ஹை-டாப் ஷூ அவள் காலில் இருந்தது. கறுப்புக் கேன்வாஸ் துணி, கணுக்கால் எலும்பை மூடி மேலே ஏறும் கழுத்து, வெள்ளை ரப்பர் மூக்கு, அடியைச் சுற்றி ஓடும் வெள்ளைப் பட்டை. நூறாண்டுகளாக அதிகம் மாறாத உருவம். உச்சியில் பழைய கோயில் மண்டபத்தருகே நின்றபோதுகூட அடிக்கடி குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டாள். பாதி தூரம் இறங்கியதும் ஒரு படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள். சுண்டுவிரல் பக்கம் கன்றிச் சிவந்திருந்தது. குதிகாலுக்கு மேலே ஒரு கொப்புளம்.

"கடிச்சிருச்சு மாமா."

"கழற்றிக் கையில எடுத்துக்க பாப்பா. வெறுங்கால்ல இறங்கு."

"பாறை சுடும்ல." கொஞ்ச நேரம் கொப்புளத்தையே பார்த்தாள். "கடிச்சாக் கடிச்சுட்டுப் போகட்டும். கழுத்து உயரமா இருக்குறதால மேட்ச்ல கால் பிசகாதுல்ல?"

அவள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குள் இரண்டு இருந்தன. இந்த ஷூ ஏன் கடிக்கிறது? கடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு அது காலைக் காக்கிறதா? இரண்டுக்கும் விடை தேடிப் போனபோது வேதியியலும் எலும்பு மருத்துவமும் கூடவே திண்டுக்கல்லின் தோல் தொழிலும் குறுக்கே வந்தன.

கூடைப்பந்தை 1891-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கினார். அதே பள்ளியில் படித்த எச்.சி. பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மூலம் நம் ஊர்ப் பள்ளி மைதானங்களுக்கு இப்படிப்பட்ட ஆட்டங்கள் வந்து சேர்ந்தன. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போனால் பெரியகுளம். கோடையில் அங்கே நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்க ஊரே திரளும்.

ஷூவும் அதே மாசசூசெட்ஸில்தான் பிறந்தது. மால்டன் என்ற ஊரில் 1908-இல் மார்க்விஸ் கான்வெர்ஸ் ஒரு ரப்பர் காலணி ஆலை தொடங்கினார். 1917-இல் அங்கிருந்து 'ஆல் ஸ்டார்' வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சக் டெய்லர் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் விற்பனையாளராகச் சேர்ந்து, ஊர் ஊராகப் பயிற்சி முகாம் நடத்தி அந்த ஷூவை விற்றார். 1930-களில் அவர் கையெழுத்தே ஷூவில் ஏறியது. கணுக்கால் பக்கத்தில் நட்சத்திரத்தோடு ஒட்டியிருக்கும் வட்டம் இன்று வெறும் முத்திரை. அன்று அது புடைத்து நிற்கும் கணு எலும்பில் அடிபடாமலிருக்க வைத்த ஒட்டு. ஆக, அந்தக் கழுத்து பாதுகாப்புக்காகவே உயர்ந்தது. அழகு பின்னால் வந்து குடியேறியது.

இனி கடிக்கு வருவோம். அதற்கு அந்த ஷூ பிறக்கும் அடுப்புக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

மரத்திலிருந்து வடிந்த ரப்பர் பாலை அப்படியே உறைய வைத்தால் உருப்படியான பொருள் கிடைக்காது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். காரணம், ரப்பர் என்பது மிக நீண்ட இழைகளின் கூட்டம். வெந்த இடியாப்பம் போல ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் அந்த இழைகளுக்குள் பிடிப்பு இல்லை. இழுத்தால் வழுக்கிப் பிரிந்துவிடும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது நடந்தது இதுதான்: கந்தக அணுக்கள் இழைக்கும் இழைக்கும் நடுவே ஆங்காங்கே முடிச்சுப் போட்டன. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்து வரும். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரால் இதற்கு வல்கனைஸ் செய்வது என்று பெயர் வந்தது. மெக்சிகோப் பக்கத்துப் பழங்குடிகள் இதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தாளி இனத்துக் கொடி ஒன்றின் சாற்றை ரப்பர் பாலில் கலந்து பந்து செய்தார்கள். செருப்பின் அடியும் செய்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இந்தத் திண்டுக்கல்லில் அதற்கு நெருங்கிய உறவான ஒரு வேலை காலங்காலமாக நடந்துவருகிறது. பேகம்பூர்ப் பக்கம் போனால் தோல் பதனிடும் சாலைகள். ஆட்டுத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்கி, ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் கிடத்தி எடுக்கும் பழைய முறை இந்தப் பகுதிக்கு உரியது. பச்சைத் தோலும் கொலாஜன் என்ற நீண்ட இழைகளின் கூட்டம்தான். விட்டால் அழுகும், காய்ந்தால் கட்டையாகும். பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்பொருள் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொன்றையும் பல இடங்களில் பிடித்துக்கொள்ளும். பாக்கு மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் செய்வதும் இதே டானின் வகைதான். கந்தகம் போடும் முடிச்சு இரும்புக் கொளுத்து என்றால் டானின் போடுவது கைகோர்ப்பு: தனித்தனியாக மெலிந்தது, எண்ணிக்கையில் வலியது. பழனி மலையில் ஆங்கிலேயர் காலம் முதல் வளர்ந்த சீகை மரங்களின் பட்டைக்கும் இந்தத் துவர்ப்பே மதிப்பு. மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் மேற்கே பழனி மலைத்தொடர், சமவெளியெங்கும் நூற்பாலைகளின் கூரைகள், கீழே பேகம்பூர். தோலும் பட்டையும் பருத்தி நூலும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஒரு ஷூவுக்கு ரப்பர் ஒன்றுதான் கன்னியாகுமரியிலிருந்து வரவேண்டும்.

இந்தத் தொழிலுக்கு ஊர் கொடுத்த விலையையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பதனிடும் சாலைகளின் கழிவுநீர் கிணறுகளை உப்பாக்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் சாலைகள் குறித்து அளித்த பெயர்பெற்ற தீர்ப்பில் வேலூர்ப் பகுதியோடு திண்டுக்கல்லும் இருக்கிறது. இழைகளைக் கோக்கும் வேதியியல் எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அது முடிந்தபின் மிஞ்சும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதும் அறிவியல்தான்.

ஷூவுக்குத் திரும்புவோம். கால் வடிவத்தில் செய்த கட்டையின் மேல் தைத்த கேன்வாஸை இழுத்து மாட்டுவார்கள். கீழே ரப்பர் அடியை ஒட்டுவார்கள். மூக்கில் ரப்பர் தொப்பி. பிறகு துணியும் அடியும் சேரும் இடத்தைச் சுற்றி அந்த வெள்ளைப் பட்டையைக் கையால் ஒட்டி அழுத்துவார்கள். இதுவரை எல்லாமே முழுதாய் வேகாத ரப்பர். இனி கட்டையோடு சேர்த்து மொத்த ஷூவும் சூட்டுக்கலனுக்குள் போகும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கும் மேலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்ளே அடி, பட்டை, மூக்கு, நடுவில் தடவிய பசை எல்லாவற்றிலும் கந்தகம் ஒரே நேரத்தில் முடிச்சுப் போடும். வெளியே வரும்போது அவை ஒட்டிய துண்டுகளாக இல்லாமல் ஒரே உடம்பாக இருக்கும். அந்தத் தட்டையான அடி, தடித்த வெள்ளை விளிம்பு, மெல்லிய இடுப்பு, இவையெல்லாம் யாரோ உட்கார்ந்து வரைந்த அலங்காரம் அல்ல. அந்த அடுப்பு கேட்ட வடிவம்.

நமக்கு வேண்டிய மெத்தையை உள்ளே விடாததும் அதே அடுப்புதான். இன்றைய ஓட்டக் காலணிகளின் நடுவில் இருப்பது ஈ.வி.ஏ. என்ற நுரைப் பொருள். கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுக் குமிழிகள். மிதித்தால் அமுங்கி, எடுத்தால் உப்பும். வழக்கமான ஈ.வி.ஏ. அந்தச் சூட்டில் இளகிச் சுருங்கிவிடும். ஆகவே அதைக் குறைந்த வெப்பத்தில் பசையால் ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய ஷூவுக்கு வேறு முகம். பழைய ஹை-டாப்பில் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது கெட்டி ரப்பரும் மெல்லிய உள்தாளும் மட்டுமே. என் மருமகள் ரசித்த அழகும் அவள் குதிகாலைக் கடித்த கடினமும் ஒரே அடுப்பில் வெந்தவை. இதைப் புரிந்துகொண்டபின் 'இவ்வளவு பெரிய நிறுவனம் ஒரு மெத்தை வைக்கக் கூடாதா' என்ற கோபம் எனக்குத் தணிந்தது.

வைத்தும் பார்த்தார்கள். 2003-இல் கான்வெர்ஸை நைக்கி வாங்கியது. 2015-இல் 'சக் 2' என்று ஒன்றை வெளியிட்டார்கள். அடுப்பிலிருந்து வந்தபின் உள்ளே நைக்கியின் மெத்தென்ற நுரை அட்டையைப் போட்டார்கள், நாக்குக்குப் பஞ்சு கொடுத்தார்கள். கால் நிச்சயம் வாழ்த்தியிருக்கும். வாங்குகிறவர்கள் வாழ்த்தவில்லை, சில ஆண்டுகளில் அது கடைகளிலிருந்து மறைந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், இன்னும் கனத்த துணியும் இன்னும் தடித்த பட்டையுமாக 1970-களின் உருவத்தை நினைவூட்டி வந்த 'சக் 70' இன்றும் விற்கிறது. இதை வைத்து இளைஞர்களைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணுக்கும் ஒரு ஞாபகம் உண்டு. பட்டுப்புடவை கனக்கிறது என்று கல்யாணப் பெண்ணிடம் யாரும் பருத்தியை நீட்டுவதில்லை.

தவிர, அந்தக் கடினமே வரமாகும் இடமும் உண்டு. எடை தூக்குகிறவர்கள் பலர் இந்த ஷூவைத் தேடிப் போடுகிறார்கள். தோளில் பெரிய எடையோடு உட்கார்ந்து எழும்போது காலடியில் நுரை இருந்தால் அது அமுங்கி ஆட்டம் கொடுக்கும். தட்டையான கெட்டி ரப்பர் நகராது. குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் தரையைப் பிடிக்கும். நிற்பதற்கு உகந்த ஷூ ஓடுவதற்குக் கனம். ஓடும்போது காலில் ஏறும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 விழுக்காடு கூடுகிறது என்பது பலமுறை அளந்து கண்ட கணக்கு.

சுண்டுவிரல் ஏன் கன்றியது என்பது வேறு கதை. அது ஒரு தானிய மணியில் தொடங்குகிறது.

நாம் கடையில் 'ஆறாம் நம்பர்', 'எட்டாம் நம்பர்' என்று கேட்பது ஆங்கிலேயர் விட்டுப்போன அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். பழைய இங்கிலாந்தில் மணிகளை வரிசையாக அடுக்கி நீளம் அளந்த வழக்கத்தின் மிச்சம். இந்த நம்பர் நீளத்தை மட்டும் சொல்லும். அகலத்தைப் பற்றி வாய் திறக்காது. ஷூவின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்தக் கட்டை. கட்டையோ யாருடைய பாதத்தைப் பார்த்துச் செதுக்கியதோ, அவர்களுடைய பாதத்தின் அகலத்தில் இருக்கும்.

சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் குறையை நேராகக் கையிலெடுத்தது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தார்கள். கிடைத்த விடை, தலைமுறை தலைமுறையாகப் புதுச் செருப்பு கடித்தவர்களுக்குத் தெரிந்தது: நம் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம். அகலம் போதாததால் நாம் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். நீளம் மிஞ்சுவதால் லேஸை இறுக்குகிறோம். இறுக்கிய ஷூவுக்குள் குதிகால் ஏறி இறங்குகிறது. இந்தியப் பாதத்துக்கென எட்டு அளவுகள் கொண்ட 'பா' என்ற புதிய முறையை, பாரதம் என்ற சொல்லின் முதல் எழுத்தால் பெயரிட்டு, அவர்கள் முன்வைத்திருக்கிறார்கள். பெண் குழந்தைகளின் பாதம் 11 வயது வாக்கில் வளர்ச்சியின் உச்சத்தை எட்டுகிறது, ஆண் பிள்ளைகளுக்கு 15, 16 வயதில் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பள்ளி ஷூ வாங்கும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நம் பாதம் ஏன் அகலம் என்பதற்குப் பாரம்பரியம் மட்டுமே காரணம் இல்லை. வெறுங்காலோடு வளர்ந்த பாதத்தில் விரல்கள் விசிறிபோல் விரிகின்றன. நடக்கும்போது பாரம் பாதம் முழுக்கப் பரவுகிறது. 1992-இல் யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இந்திய மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 விழுக்காடு, வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடு. விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. பாதத்தின் வளைவு ஒரு வில். அதை வளைத்து வைத்திருப்பவை தசைகளும் நார்களும். வேலை கொடுத்தால் அவை வளரும். இதனால் எல்லோரும் வெறுங்காலில் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முள்ளும் கண்ணாடித் துண்டும் சித்திரை வெயிலின் தார்ச்சாலையும் நம் ஊரில் இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் மண் தரையிலும் குழந்தைகளின் பாதத்தை விட்டுவைப்பது நல்லது என்று மட்டும் துணிந்து சொல்வேன்.

கொப்புளத்தை உரசலால் தோல் தேய்ந்துபோனது என்றே நினைத்திருந்தேன். அப்படி அல்ல. குதிகால் எலும்பு உள்ளே மேலும் கீழும் போகிறது. ஈரத்தால் தோலின் மேற்பரப்பு துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மேல்தோல் அடுக்குகள் இங்குமங்கும் இழுபடுகின்றன. ஆயிரம் அடி நடந்தால் ஆயிரம் இழுப்பு. கடைசியில் தோலின் மேற்பரப்பு கிழியாமலே உள்ளடுக்கு விட்டுப்போய், அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. 'கடித்தது' என்கிறோம்; உண்மையில் ஷூ பிடித்துக்கொண்டது, கால் நகர்ந்தது. ஈரத்தோலுக்கு உலர்ந்த தோலைவிடப் பிடிப்பு அதிகம் என்பதால், வியர்க்கும் ஊரில் இது விரைவாக நடக்கும். இரண்டு பாதங்களிலும் சேர்ந்து சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஹை-டாப்பின் உள்பக்கம் இரண்டு சின்ன உலோக ஓட்டைகள் இருப்பது காற்றுக்காக. மழைநிழலில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளியின் ஏப்ரல் மாதத்துக்கு அந்த இரண்டு ஓட்டைகள் எம்மாத்திரம்? கேன்வாஸ் பருத்தி என்பதால் வியர்வையைக் குடிக்கும், ஆனால் கழுத்துவரை மூடியிருப்பதால் சீக்கிரம் காயாது. நாள் முழுக்க ஈரமாக இருக்கும் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும் இதனால்தான். ஒரு நாள் போட்டால் மறுநாள் வெயிலில் காய விடுவது அந்த ஷூவுக்கும் காலுக்கும் செய்யும் மிகச் சாதாரணமான மரியாதை.

இனி அவளுடைய பெரிய கேள்வி. கழுத்து உயர்ந்தால் கால் பிசகாதா?

பிசகுவது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். குதித்து இறங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் பாதத்தில் ஓரமாகக் கால் பட்டால், பாதம் உள்நோக்கித் திரும்புகிறது. வெளிக்கணுவுக்கு முன்னால் எலும்புகளைக் கட்டும் சின்னக் கயிறு போல ஒரு நார் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் அறுவது அதுதான். 50 கிலோ எடையுள்ள பெண் குதித்து இறங்கும் கணத்தில் தரை திருப்பித் தரும் விசை அவள் எடையைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் 150 கிலோ. அது மூட்டின் நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விலகி விழுந்தால், ஒரு மீட்டர் கம்பின் நுனியில் நாலரைக் கிலோவைத் தொங்கவிட்டு முறுக்குவதற்குச் சமம். மடித்துக் கட்டிய வேட்டியைப் போல வளையும் கேன்வாஸ் கழுத்து இதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கணக்கு மட்டும் போதாது, களத்தில் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் ஷூ கொடுத்தார்கள்: சிலருக்கு உயரக் கழுத்து, சிலருக்குத் தாழ்ந்த கழுத்து, சிலருக்குக் காற்றடித்து இறுக்கும் உயரக் கழுத்து. பருவம் முடிந்து எண்ணினால் கணுக்கால் காயங்களில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இவை கேன்வாஸைவிட உறுதியான விளையாட்டுக் காலணிகள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாயும் பலகைமேல் நிறுத்திச் சோதித்தபோது உயரக் கழுத்து பாதம் திரும்பும் வேகத்தைச் சற்றுக் குறைத்தது உண்மை. அந்தச் சற்று, மைதானத்தில் போதவில்லை.

2001-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு எது உண்மையான ஆபத்து என்று காட்டியது. முன்பே ஒருமுறை கால் பிசகியவர்களுக்கு மறுபடி பிசகும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நார் ஆறிவிடும், ஆனால் அந்த மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணுணர்வு மந்தமாகிவிடும். இங்கேதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த ஒரு கால அளவு வருகிறது. பாதம் திரும்பி நார் அறுவதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். கணுக்காலைக் காக்கும் தசைக்கு ஆபத்துச் செய்தி போய் அது விழிப்பதற்கு அதைவிடச் சற்று அதிக நேரம் ஆகும். நரம்பு எவ்வளவு ஓடினாலும் பந்தயத்தில் தோற்கும். ஆகவே தசை முன்கூட்டியே, கால் தரையைத் தொடும் முன்பே, தயாராக இருந்தாக வேண்டும். அந்தத் தயார்நிலையைப் பழக்கத்தால் மட்டுமே கொண்டுவர முடியும்.

கொண்டுவரவும் முடிகிறது. 2006-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் 765 மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒற்றைக்காலில் சமநிலை காக்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 10 பேருக்குச் சுளுக்கு. பயிற்சி செய்தவர்களில் 6 பேருக்கு. 2011-இல் 1,460 பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், ஷூவுக்குள் அணியும் லேஸ் வைத்த கணுக்கால் கட்டு காயங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. அதாவது கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பது என்ற பழைய எண்ணம் தவறில்லை. பிடிப்பு, பாதத்தோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளத்த துணியின் உயரத்தில் அது இல்லை.

இவ்வளவையும் அவளிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மறுவாரம் ஷூக் கடைக்குப் போனோம். சாயங்காலமாகப் போனோம், ஏனென்றால் நாள் முழுக்க நின்ற பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். அதற்குப் பொருந்துவது காலையிலும் பொருந்தும். நம்பரைக் கேட்காமல், இரண்டு பாதத்தையும் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஷூவின் உள்தாளையும் வெளியே எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். கோடு எங்கெல்லாம் வெளியே வழிகிறதோ அங்கெல்லாம் கடிக்கும். ஆட்டத்துக்கு, தாழ்ந்த கழுத்தும் அகன்ற முன்பாதமும் உள்ள ஒன்று கிடைத்தது.

கறுப்பு ஹை-டாப்பை அவள் விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. சற்றுத் தடித்த காலுறை, மெத்தென்ற ஒரு உள்தாள் வாங்கிப் போட்டாள். சுண்டுவிரல் பக்கத்து அழுத்தம் குறைய, கீழிருந்து முதல் கண்ணை விட்டுவிட்டு லேஸ் கோத்தோம். குதிகால் ஏறி இறங்காமலிருக்க மேலே மட்டும் இறுக்கினோம். வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் போட்டுப் பழக்கியபின், சினிமாவுக்கும் தோழி வீட்டுக்கும் இப்போது அதுதான். ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டிய தைவான் நாட்டுக் காலணி ஆலையைப் பற்றிச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு காலைப் பார்த்துக் கட்டை செதுக்குவாங்களா மாமா?" என்று கேட்டாள். செதுக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அளவுகள் அடையாறில் தயாராக இருக்கின்றன.

காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லியிருந்தேன். முதல் வாரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு முழுதாகத் துலக்கி முடிக்கிறாள். கண்ணை மூடினால் ஏழெட்டு நொடிதான்.

"கண்ண மூடுனா சுவரே சாயுது மாமா" என்றாள் நேற்று.

கண் திறந்திருக்கும்வரை சமநிலைக்கு அது பெரிய துணை. சுவரையும் கதவையும் பார்த்து உடம்பு நேராகிக்கொள்கிறது. மூடிய கணத்தில் மூளைக்கு மிஞ்சுவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், கணுக்காலின் நார்களும் பாதத்தோலும் அனுப்பும் மெல்லிய செய்திகளும். பந்தைப் பார்த்துக்கொண்டே குதித்து இறங்கும்போதும் அவள் பாதத்தைப் பார்க்கப் போவதில்லை. வெறுங்காலோடு, ஈரச் சிமெண்டுத் தரையில், பற்பசை நுரையோடு அவள் தள்ளாடும்போது கணுக்காலின் இரு பக்கத்துத் தசைகளும் படபடவென்று துடிப்பதைத் தூணோரம் நின்று பார்த்தேன். எட்டாவது நொடியில் கால் ஊன்றிவிட்டு, மறுபடி கண்ணை மூடினாள்.